சுரண்டாமல் விட்ட பெயிண்ட்

இரும்புலியூரில் சாலமோனின் பட்டறைக்கு டிராக்டர்கள் வந்தன, போர்வெல் லாரிகள் வந்தன, ஒரு தடவை ரோடு ரோலர்கூட வந்தது. புல்டோசர் மட்டும் வரவில்லை. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை புல்டோசரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் அளவுக்குத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் அதிகம். அப்படியிருந்தும் அந்த வண்டிக்காரர்கள் அவருடைய பட்டறையைத் தாண்டிப் போய், கிண்டியிலிருந்து ஆள் கூட்டி வந்தார்கள்.

காரணம் ஒரு பட்டப்பெயர். திருப்பி சாலமோன்.

பெயர் வைத்தவர் சுப்பராயலு. இரண்டாயிரமாவது ஆண்டில் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டல் கட்டடத்துக்காக மேட்டு நிலத்தை மட்டப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சுப்பராயலு அங்கே சூப்பர்வைசர். சாலமோன் அதே காண்ட்ராக்டரிடம் பதினெட்டு வருஷமாக மெக்கானிக். அவர் பராமரித்தது ஒரே ஒரு புல்டோசர். பதினான்கு டன் எடை, நூற்றுப்பத்து குதிரைத்திறன், பன்னிரண்டு அடி அகலத்துக்கு முன்னால் ப்ளேடு. ஹவர் மீட்டர் இருநூற்றைம்பது மணி ஓடினால் எஞ்சின் ஆயில் மாற்றுவார். செயின் மேல்பக்கத்தில் ஒரு அங்குலம் தொங்குகிறதா என்று மட்டப்பலகை வைத்துப் பார்ப்பார். களிமண்ணில் வேலை என்றால் இன்னும் அரை அங்குலம் தளர்த்துவார். இல்லையென்றால் பல்லில் மண் இறுகி, செயின் தானாக விறைத்து, கண்ணிகளுக்குள் இருக்கும் புஷ் வளையங்கள் எல்லாம் தேய்ந்துவிடும்.

அந்த வண்டிக்கு ஸ்டியரிங் வீல் கிடையாது. இரண்டு லீவர்கள்தான். வலது லீவரை இழுத்தால் வலப்பக்கத்து கிளட்ச் விடும், இடது செயின் மட்டும் ஓடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். இரண்டு கிளட்சும் உலர் கிளட்ச்; எண்ணெய் படவே கூடாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கியர் பெட்டி முழுக்க எண்ணெய். எண்ணெயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகாமல் தடுப்பது உள்ளங்கை அகல ரப்பர் சீல்கள்தான். அவற்றின் உதடு எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் கசியும்.

பொத்தேரியில் ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரத்தில் எண்ணெய் கசிந்தது. இரண்டு கிளட்சும் நனைந்து வண்டி நின்றுவிட்டது. சாலமோன் அன்று அம்மாவின் அடக்கத்துக்காகச் செங்கல்பட்டு போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் சுப்பராயலு சீல்களைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டு, முதலாளியிடம் சொல்லியும் விட்டார்: சாலமோன் சீலைத் திருப்பிப் போட்டிருக்கிறான், என் கண்ணால் பார்த்தேன்.

வேலை போய், இரும்புலியூரில் சொந்தப் பட்டறை போட வேண்டியதாயிற்று. அதைக்கூட சாலமோன் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் இரும்புலியூர் டீக்கடையில், லாரிக்காரர்களும் வண்டிக்காரர்களும் நிறைந்திருந்த நேரத்தில், சுப்பராயலு கிளாஸைக் கவிழ்த்து வைத்துக் காட்டி, "நம்ம சாலமோனுக்கு டீ குடுத்தா இப்டித்தான் புடிப்பாரு. எல்லாத்தையும் திருப்பி" என்றார். கடை சிரித்தது. அந்தச் சிரிப்பு ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பரவி, ஐந்து வருஷமாகியும் ஓயவில்லை.

"ஊரு ஆயிரம் சொல்லும். வுட்டுத் தள்ளுங்க" என்பாள் மனைவி செல்வமேரி.

"நான் வுடறேன். அது என்னை வுடணுமே" என்பார் சாலமோன்.

சர்ச்சில் ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொல்லும்போது அவர் மனதில் சுப்பராயலுவின் முகம்தான் இருந்தது. பரமண்டல ஜெபத்தில் கடன்காரர்களை மன்னிப்பது பற்றிய வரி வரும் இடத்தில் அவர் வாயை மூடிக்கொள்வதைச் செல்வமேரி கவனித்திருந்தாள்.

சுப்பராயலு இதற்குள் வளர்ந்துவிட்டார். காண்ட்ராக்டர் பழைய வண்டியைத் தள்ளிவிட்டபோது அதே புல்டோசரை வாங்கி, மனை போடுகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஆபரேட்டர் கரீம். பல்லாவரத்துக்காரன், சாலமோனுக்குப் பழைய பழக்கம். 2005 ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கரீம்தான் பட்டறைக்கு வந்தான்.

"அண்ணா, செயின் லொடலொடன்னு கீது. பூஜைக்கி முன்னால டைட் பண்ணிக் குடுத்துடேன். அனகாபுத்தூர்ல ஆத்தங்கர ஓரமா பெரிய வேலை வந்துகீது."

"அந்தாளு வண்டியையா?"

"வண்டி அந்தாளுதுதான். ஓட்டுறவன் நானாச்சே."

கரீமுக்காகத்தான் போனார். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் வண்டி நின்றிருந்தது. பூஜைக்காகச் சுப்பராயலு பெயிண்டரைப் பிடித்து, தலை முதல் கால் வரை மஞ்சள் அடித்திருந்தார். ப்ளேடில் சந்தனம், குங்குமம். மறுநாள் செயினுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கரீம் அதன்மேல் வண்டியை ஏற்றுவான்.

"வாப்பா சாலமோன்" என்றார் சுப்பராயலு. "பழச மனசுல வெச்சினு இருக்காத. பாத்து போடு, திருப்பிகிருப்பிப் போட்டுடாத."

"சரிங்க சார்" என்றார் சாலமோன்.

கிரீஸ் கன்னால் கிரீஸை ஏற்றிச் செயினை இறுக்கினார். ஆற்றங்கரைக் களிமண்ணுக்கு ஏற்றபடி ஒன்றரை அங்குலம் தொங்கவிட்டார். பிறகு, பழக்க தோஷத்தில், சீட்டுக்குப் பின்னால் ஏறி கியர் பெட்டியின் மேல்தகட்டைத் துடைத்தார். அங்கேதான் ப்ரீதர் இருக்கிறது. கட்டைவிரல் அளவு மூடி, பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள். வண்டி ஓடி எண்ணெய் கொதிக்கும்போது உள்ளே காற்று உப்பும்; அது அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியே போக வேண்டும்.

துளைகள் இல்லை. இரண்டு கோட்டிங் மஞ்சள் பெயிண்ட் அவற்றை மூடி, காய்ந்து, பளபளத்தது.

சாலமோன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொத்தேரியிலும் ஆயுத பூஜை. அங்கேயும் இதே பெயிண்ட். அம்மா படுக்கையில் கிடந்த அந்த வாரம் மேல்தகட்டைத் துடைக்க அவருக்குப் பொழுதில்லை. காற்று போக வழியில்லாமல் உப்பி, சீலைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் போயிருக்கிறது. பிறகு வந்த மெக்கானிக் மேல்தகட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்திருப்பான். தடயமும் அதிலேயே கரைந்திருக்கும். ஐந்து வருஷமாக ராத்திரியெல்லாம் சீலின் உதட்டை மனதுக்குள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. நான்கு சுரண்டு சுரண்டினால் முடிந்தது.

கீழே சுப்பராயலு யாரிடமோ செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். சாலமோன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஆற்றங்கரை சமதளம்தான், சரிவு இல்லை, வண்டி நின்றுபோகுமே தவிர கரீமுக்கு ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அன்று வீட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செல்வமேரி அதிசயமாகப் பார்த்தாள்.

அவர் நினைத்தபடியே நடந்தது. அனகாபுத்தூரில் வேலை சூடு பிடித்ததும் வண்டிக்கு முதலில் வலப்பக்கம் இழுவை குறைந்தது, பிறகு இடப்பக்கமும். எஞ்சின் உறுமியது, செயின் நகரவில்லை. கிண்டி மெக்கானிக் வந்தான். பக்கத்து மூடிகளைத் திறந்து புதுச் சீல் போட்டான், கிளட்சைக் கழுவினான், மேல்தகட்டுப் பக்கம் போகவே இல்லை. அரை நாள் ஓடி, வண்டி மறுபடியும் நின்றது.

சாலமோன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று பார்த்தார். சுப்பராயலு அந்த மெக்கானிக்கைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "சீல திருப்பிப் போட்டியா? சொல்றா, திருப்பித்தான போட்ட?" காதில் தேன் ஊற்றியது போல் இருந்தது சாலமோனுக்கு.

அவரை முதலில் பார்த்தது கரீம். ஓடி வந்தான்.

"அண்ணா, நல்ல நேரத்துல வந்த. ஒரே பேஜாரா கீது. நீதான் பாக்கணும்."

சாலமோன் நிதானமாக வண்டியிடம் போனார். மேகம் இறங்கியிருந்தது. அடையாறு கலங்கலாக, கரைக்குக் கொஞ்சம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நின்ற இடம் ரோட்டை விட ஒன்றரை ஆள் உயரம் பள்ளம்.

"என்னா கோளாறுன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் சுப்பராயலுவிடம். "கிளட்ச் பெட்டியில மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி, இன்னொரு சின்ன வேலை செஞ்சா, பொழுது சாயறதுக்குள்ள வண்டி தானா ரோட்டுக்கு ஏறிடும்."

"செய்யேம்பா. இன்னா கேக்குற, சொல்லு."

"துட்டு வேணாம். டீக்கடைக்கு வாங்க. பொத்தேரியில நான் சீலைத் திருப்பிப் போடலைன்னு நாலு பேரு முன்னால சொல்லுங்க."

சுப்பராயலு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னாபா, அஞ்சு வருசத்துக் கதைய இப்ப எடுத்துகினு வர?"

"எனக்கு அது தெனமும் புதுசு சார்."

"ஸ்பேனர் புடிக்கிறவன்கிட்ட நான் வாய்விட்டு மாப்பு கேக்கணுமா? போ, போ. வேற ஆளா இல்ல ஊர்ல?"

"தேடிப் பாருங்க சார்" என்று சாலமோன் சைக்கிளைத் திருப்பினார். கரீம் ரோடு வரை கூடவே வந்தான்.

"அண்ணா, அந்தாளு கெடக்கறான். எம் பொயப்புண்ணா இது. மழ வருது பாரு."

"மழை வரட்டும். அப்பதான் அவனுக்கு வாய் தொறக்கும்."

மழை அன்று இரவே பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபர் மழையைத் தாம்பரத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேறு மெக்கானிக் யாரும் பள்ளத்தில் இறங்கச் சம்மதிக்கவில்லை. இழுக்க வந்த லாரியின் இரும்புக் கயிறு அறுந்து போனது. மறுநாள் முழுக்க சாலமோன் பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மழையைப் பார்த்தார். "ஏதோ யோசனையாவே இருக்கீங்க. என்னா விஷயம்?" என்று செல்வமேரி கேட்டபோது, எதிர்த்த டீக்கடையைப் பார்த்தபடி ஸ்டூலை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டார். சுப்பராயலு வருவார் என்று தெரியும். எப்போது என்பதுதான் கேள்வி.

அதற்கடுத்த நாள் காலையில் வந்தார். முழங்கால் வரை மடித்த வேட்டி, தலையில் பாலிதீன் பை, பின்னால் கரீம். எதிர்த்த டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். சுப்பராயலு நேரே அங்கே போய் நின்று, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பொத்தேரியில சாலமோன் மேல தப்பு இல்ல."

சாலமோன் ரோட்டைக் கடந்து வந்தார். "மழைச் சத்தம் சார். காதுல விழல."

சுப்பராயலு நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "சீல நான் பாக்கவேல்ல. பாக்காமலே கயட்டி வீசினேன். ஆயில் ஒழுகறது தெரிஞ்சும் வண்டிய ஓட்டச் சொன்னது நான். மொதலாளி என்னியக் கேப்பாருன்னு இவன் தலைல போட்டேன். போதுமா? இன்னும் எதுனா சொல்லணுமா?"

கடையில் யாரும் சிரிக்கவில்லை. டீ மாஸ்டர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சாலமோன் மேஜை மேலிருந்த ஒரு கிளாஸை எடுத்து சுப்பராயலு முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, பட்டறைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டார்.

மூன்று பேரும் அனகாபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது ஆறு எது, மனை எது என்று தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் ரோடு வரை நின்றது. அதற்கு நடுவே ஒரு மஞ்சள் கூரை விளிம்பும், புகைபோக்கியின் நுனியும் தெரிந்தன. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும், சேறு போயிருக்கும். இனி அது இரும்பு விலைக்குத்தான்.

சுப்பராயலு சேற்றில் அப்படியே உட்கார்ந்தார். சாலமோன் அவரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கேட்டதற்கு மேலேயே கிடைத்திருந்தது. கொஞ்சமும் பாவமாக இல்லை.

"இன்னாண்ணா கோளாறு அதுல?" என்றான் கரீம். "இப்பவாது சொல்லு."

"ப்ரீதர் மேல பெயிண்ட். சுரண்டிவுட்டா போதும்."

"எப்ப பாத்த?"

சாலமோன் பொய் சொல்லிப் பழகாதவர். "செயின் இறுக்குனனே, அன்னிக்கி."

கரீம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பூஜைக்கி மொத நாளே பாத்துட்ட" என்றான்.

"உனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு கணக்குப் போட்டுத்தான்டா வுட்டேன். வேலைக்கிக் கவலப்படாத. இனிமே எங்கிட்ட வண்டிங்க வரும். நீ எங்கூட இரு."

"வேணாம்ண்ணா." அவன் குரலில் கோபமே இல்லை. "நாளைக்கி உனக்கு எம்மேல எதுனா கடுப்பு வந்தா, எங்க பெயிண்ட் ஒட்டினு கீதுன்னு நீ சொல்லமாட்ட."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ரோட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் இறங்கி, பல்லாவரம் பக்கமாக நடந்து போனான்.

சாலமோன் சொன்னபடி வண்டிகள் வந்தன. டீக்கடையில் நடந்தது ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. பெயிண்டைப் பார்த்தும் சாலமோன் சொல்லாமல் விட்டார் என்று கரீம் சொன்ன சேதியும் கூடவே போயிருந்தது. பொங்கல் கழிந்து முதல் புல்டோசர் பட்டறை வாசலில் வந்து நின்றது. வேலை முடிந்ததும் வண்டிக்காரர், "எல்லாம் பாத்துட்டீங்களா சார்? எதையும் வுடலியே?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"பாத்தாச்சு" என்றார் சாலமோன்.

வண்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டி மேல் ஏறினார். எது எதற்கு என்று தெரியாமலே ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். சாலமோன் கையில் ஸ்பேனரோடு, அவர் இறங்கும் வரை கீழே நின்றார்.