கிரேனிலிருந்து இறங்காதவர்

என் வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். லாரி மேல் உட்கார்ந்திருக்குமே, அந்தக் குட்டிக் கிரேன் இல்லை. அடுக்குமாடி கட்டும் இடத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் கோபுரக் கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் இரும்பு ஏணியில் ஏறி அதற்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் இறங்கியதே இல்லை என்பதுதான் அவருடைய வாழ்நாள் சாதனை. பட்டம், பதவி, சொத்து எதுவும் கிடையாது. மூத்திரத்தை அடக்கியது மட்டும் உண்டு.

இறங்கி ஏற நேரம் ஆகுமாம். அதுவரை கீழே கம்பி கட்டுகிறவர், கலவை போடுகிறவர் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்களாம். அதனால் எங்கள் வீட்டுத் துரை தண்ணீரே குடிக்க மாட்டார். நான் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் போன மாதிரியே திரும்பி வரும். மேஸ்திரி புது ஆட்களிடம் இவரைக் காட்டி, “பாருங்கடா, அண்ணன் ஏறினா ஏறினதுதான்!” என்பார். அந்த ஒரு வார்த்தையில் மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்து என்னிடமும் ஒருமுறை சொல்லிக் காட்டுவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு தடவை இடுப்பு வலி வந்து புழுவாகச் சுருண்டார். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்து, இடது சிறுநீரகத்தில் கல் என்றார். “தினம் மூணு லிட்டர் தண்ணி குடிங்க. அடக்கவே கூடாது. வலி மாத்திரையை நீங்களா வாங்கிப் போடாதீங்க. அடுத்த மாசம் கண்டிப்பா வந்து காட்டுங்க.” எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வாசலைத் தாண்டியதும் எல்லாம் காற்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு அவருக்கு டாக்டர் மருந்துக்கடைக்காரன்தான். அந்தப் புண்ணியவான் ஒரு கேள்வி கேட்காமல் அட்டை அட்டையாக வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தான். திரும்பப் போய்க் காட்டலாம் என்றேன். “வலியே இல்ல, எதுக்குப் போகணும்?” என்றார். வலி தெரியாதது மாத்திரையால்தான் என்றால், “நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?” என்று பாய்ந்தார். தண்ணீர் விஷயத்தில் மட்டும் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். பகல் முழுக்க வாயை நனைக்காமல் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஜக்கு ஜக்காகக் கவிழ்த்துக்கொண்டார். டாக்டர் சொன்ன அளவு சரியாகிவிட்டதாம்.

இப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு நாள் காலையில் முகம் கழுவி வந்தவரைப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கால் செருப்புக்குள் நுழையவில்லை. “என்னங்க இது?” என்று பதறினேன். மனிதர் சிரித்தார்.

“ஒரு நல்ல விஷயம் சொல்றேன் கேளு. நேத்து காலையிலேர்ந்து ஒரு சொட்டு வரல. அவ்வளவு தண்ணி குடிச்சும் வரல. உடம்பு பழகிடுச்சு!”

பழகிவிட்டதாம்! மூத்திரம் நின்றுபோனதைப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி சொல்கிறார்.

“உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு.”

“இன்னிக்கு மேல் தளத்துக்குக் கான்கிரீட். நான் போகலன்னா எல்லாம் நின்னுடும்.”

கையைப் பிடித்தேன். உதறிவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் கூண்டிலேயே வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி மயங்கிவிட்டார். தூக்கியிருந்த பாரத்தைப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் மயங்கினார் என்று அங்கே இன்றைக்கும் பெருமை பேசுகிறார்கள். பேசட்டும், அவர்களுக்கு என்ன நஷ்டம்? இடுப்பில் கயிறு கட்டி, அவரையும் பாரம் இறக்குகிற மாதிரி இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. ஸ்கேனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இடது சிறுநீரகம் கல் அடைத்து, எப்போதோ சுருங்கிச் செத்துப்போயிருந்தது. உழைத்துக்கொண்டிருந்த வலதை மாத்திரைகள் பாதி தின்றிருந்தன. இப்போது அதையும் ஒரு கல் அடைத்துவிட்டது. “ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக் கிடக்குதும்மா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இதயமே நின்னிருக்கும்” என்றார். டயாலிசிஸ் செய்தார்கள். பிறகு உள்ளே குழாய் வைத்து அடைப்பைத் திறந்தார்கள். கட்டிலோரம் தொங்கிய பையில் மஞ்சளாக முதல் சொட்டு விழுந்ததும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். மூத்திரத்தைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட பெண்டாட்டி ஊரிலேயே நான் ஒருத்திதான்.

உயிர் தப்பியது. இனி இருப்பது ஒற்றைச் சிறுநீரகம், அதுவும் அரைகுறை. கிரேன் ஏறுவதை மறந்துவிடச் சொன்னார்கள். இவர் காதில் அது ஏறவே இல்லை. வேலை அங்கே என்ன ஆச்சோ என்ற புலம்பல்தான் ஓயவில்லை.

ஒரு சாயங்காலம் மேஸ்திரி பார்க்க வந்தார். உட்காரக்கூட விடாமல் இவர் கேட்டார்: “நான் இல்லாம வேலை நின்னு போயிருக்குமே?”

“சேச்சே, கவலைப்படாதீங்கண்ணே. மறுநாளே வேற ஆள் வந்துட்டான். சின்னப் பையன். மூத்திரம் வந்தா வந்துச்சுன்னு இறங்கிடறான். அந்த நேரத்துல நாங்களும் ஆளுக்கு ஒரு டீ குடிச்சிடறோம்.”

ஆறுதல் சொல்கிறாராம். சிரித்துக்கொண்டே தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இவரைக் குத்திக்காட்ட நாக்கு நுனியில் வருஷக்கணக்காக வைத்திருந்தேனே, அதில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. பாவி மனுஷன்!

மெதுவாகக் கேட்டார்: “இறங்கறானாமே… யாரும் ஒண்ணும் சொல்றதில்லையாமா?”

“இல்லீங்க,” என்றேன். “யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.”