எறும்புக்கு வாங்கிய கருவாடு

மண்ணெண்ணெய் வாடையும் குழந்தை கக்கிய பாலின் புளிப்பு வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை அந்த ஐப்பசி மாதம் முழுக்க அப்படித்தான் நாறியது. எனக்கு ஒன்பது வயது. தம்பி பிறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. எடை குறைவாகப் பிறந்த பிள்ளை, ஏறவும் மாட்டேன் என்றது. போதாக்குறைக்கு எறும்பு.

சுவாமி படத்துக்குக் கீழே ஊரும் "பிள்ளையார் எறும்பு" இல்லை, கடித்தால் சுள்ளென்று தடிக்கும் செவ்வெறும்பு. மழைக்கு எங்கிருந்தோ கிளம்பி, சுவர் வழியே ஏறி, உத்தரத்துக் கொக்கியைப் பிடித்து, தூளிச் சேலை வழியாகவே இறங்கித் தம்பியின் கழுத்து மடிப்பிலும் காது மடலிலும் பால் வழிந்து காய்ந்த இடமாகப் பார்த்து மொய்க்கும். அம்மா கொக்கியில் மண்ணெண்ணெய்த் துணி சுற்றினாள், சுவரோரம் மஞ்சள்தூள் போட்டாள், எறும்பு சாக்பீஸால் தரையெல்லாம் கோடு இழுத்தாள். ஈர மழையில் எதுவும் நிற்கவில்லை. கடைசியில் தூளியையே அவிழ்த்துவிட்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள், தூங்கினாள் என்று சொல்வதும் ஒரு பேச்சுக்குத்தான்.

அவளுக்குத் தாய்வீடு என்று இருந்தது லால்குடியில் ஒரு தங்கை மட்டும். சித்திக்கோ அது நடவு நேரம், வந்து உட்கார்ந்து பத்தியம் பார்க்க முடியாது. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் அப்பா, "கேரம் போர்டுக்குப் போடுவாங்களே போரிக் பவுடர், அதைச் சீனியில கலந்து வைப்போம். தூக்கிட்டுப் போயி புத்தோட சாவும்" என்றார். வைத்தோம். முதல் நாள் நான்கைந்து எறும்பு வந்து பார்த்தது. மறுநாள் அதுவும் இல்லை. சீனித் தட்டைச் சுற்றிக்கொண்டு வரிசை பாட்டுக்கு அம்மாவின் மடியைத் தேடிப் போனது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலை வெட்டி இல்லாமல் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான். செத்த கரப்பான் ஒன்றை ஒரு படையே இழுத்துப் போனது. தரையில் சிந்திய வெல்லப்பாகை ஒன்றுகூட நின்று பார்க்கவில்லை. "அதுக்கு இனிப்பு வேணாம்மா, கரப்பான்தான் வேணுமாம்" என்றேன். அம்மா என்னையும் கரப்பானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்பாவின் போனை வாங்கிச் சித்தியைக் கூப்பிட்டாள். "நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கொடுத்தனுப்பு. எறும்புக்குத்தான்டி."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டை வாடகைக்கு விடும்போதே மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா வைத்த ஒரே நிபந்தனை, "கவிச்சி மட்டும் கூடாது" என்பது. நாங்கள் மீன் தின்கிறவர்கள்தான். ஆனால் அந்த வாடகைக்கு வேறு இடம் கிடைக்காததால் தலையாட்டிவிட்டு வந்திருந்தோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற எங்கள் பக்கத்தில் கொடுக்கிற சுறாப்புட்டும் கருவாட்டுக் குழம்பும் இல்லாமல் பூண்டு ரசத்தையே குடித்துக்கொண்டிருந்தாள் அம்மா. தம்பி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழுவான், கூடவே அவளும் அழுவாள்.

மறுநாள் சித்தப்பா பஸ்ஸில் வந்து நான்கு மடிப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா கதவைச் சாத்தி, ஜன்னலில் துணி அடைத்து, நெத்திலியை அடுப்பில் வாட்டினாள். எறும்புக்குக் கருவாட்டை வாட்டிப் போட வேண்டியதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என்னிடமிருந்து பாதி திரும்பி நின்று ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நான் கை நீட்டினேன். "இது எறும்புக்கு" என்று சொல்லிவிட்டு, மிச்சத்தை இடித்துப் பவுடரோடு கலந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல.

எறும்பு வந்தது, அள்ளி அள்ளிக்கொண்டு போனது. வாடை மாடிக்குப் போய், வீட்டுக்காரம்மாவும் இறங்கி வந்தார்.

"என்னம்மா இது, பூஜை ரூம் வரைக்கும் வர்றதே."

அம்மா தம்பியின் தடித்த காதைக் காட்டினாள், தட்டைக் காட்டினாள். அந்தம்மாவும் பிள்ளை பெற்றவர்தானே, முகம் இளகிவிட்டது. "எறும்புக்குன்னா போறது, விடு. நீங்க யாரும் வாயில வெக்கலையே?"

"இல்லைங்க" என்றாள் அம்மா.

"அம்மா ஒரு துண்டு தின்னாங்க" என்றேன் நான்.

வீட்டுக்காரம்மாவின் முகம் மறுபடி இறுகியது. மாதக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படியேறினார். நான்கு நாளில் எறும்பு வரிசை அற்றுப்போனது. தம்பி தூளியில் நிம்மதியாகத் தூங்கிய அந்த வீட்டில் அதற்குப்பின் பத்து நாள்தான் இருந்தோம். காட்டூரில் கிடைத்தது தகரம் போட்ட அறை. ஒழுகிய மழை ஈரத்தில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் ஊசி ஏறாமல் தலையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இவன் செத்தால் நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நடவு முடிந்து சித்தி வந்து மீனும் கருவாடுமாய் ஆக்கிப் போட்ட பிறகுதான் அம்மாவுக்குப் பால் ஊறியது, அவன் பிழைத்தான்.

கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் படித்தபோது தெரிந்தது. வளர்ந்த எறும்பு ஓடியாட இனிப்பே போதும், திடமான எதையும் அதனால் விழுங்கக்கூட முடியாது. புற்றுக்குள் எறும்புக் குஞ்சுகளான புழுக்கள் பெருகிவிட்டால் மட்டும் அதன் ருசியே மாறி, சீனியைத் தாண்டிக் கறியையும் மீனையும் தேடும். கொண்டுபோவது தனக்கில்லை, புழுவுக்கு. வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க நான் மட்டும் பேனாவை மூடிவிட்டு அழுதேன்.

போன மாதம் ஸ்ரீரங்கம் போயிருந்தேன். அந்த வீடு இல்லை, இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவும் காலமாகிவிட்டாராம். திரும்பி வந்து அம்மாவிடம், பதினெட்டு வருடமாய்ச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்மா."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நீ சொல்லத்தான் போறேன்னு தெரிஞ்சிருந்தா, இன்னும் ரெண்டு துண்டு தின்னிருப்பேன்."