பல் முளைக்காத பிள்ளை

வளைகுடாவை விட்டு ஊருக்குப் போக ஒன்பது நாள்தான் இருந்தது. கணவரின் கம்பெனியை மூடிவிட்டார்கள், விசா ரத்து. ரூவி ஃப்ளாட்டில் அட்டைப்பெட்டிகளோடு நான் அல்லாடிக்கொண்டிருக்க, மகள் பள்ளி ப்ராஜெக்டுக்காக ஹால் முழுக்கச் சார்ட்டை விரித்திருந்தாள். பண்டைய ரோமாபுரியில் சாதாரண மக்களின் வாழ்க்கையாம். விட்டுப் போகிற பள்ளிக்கு எதற்கு இத்தனை சிரத்தை என்று எனக்கு எரிச்சல்.

“அம்மா, லிசன். பெரியவங்க செத்தா எரிச்சிடுவாங்களாம். பட், பல்லு வராத பேபீஸ எரிக்க மாட்டாங்க. வீட்டுச் சுவரோரமாவே புதைச்சிடுவாங்களாம். வியர்ட், இல்ல?”

நம் வழக்கத்திலும் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், நாலு மாதம். அப்போது அவளுக்கு இரண்டு வயது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. இங்கேயே, நகரத்துக்கு வெளியே ஒரு மயானத்தில் அவனைப் புதைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. பால் கட்டிய மார்போடு நான் அறைக்குள் கிடந்தேன். வருடா வருடம் அந்தத் தேதியில் கணவர் மட்டும் பால் வாங்கிக்கொண்டு போய் வருவார்.

அந்த ரோமாபுரித் தாய்மார்கள் மேல் பொறாமையாக இருந்தது. துணி உலர்த்தும்போதுகூடப் பிள்ளை பக்கத்திலேயே இருந்திருக்கிறான். எனக்கு அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. வழக்கமாவது, மண்ணாங்கட்டியாவது!

வெள்ளிக்கிழமை காலை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, “என்னைக் கூட்டிட்டுப் போங்க” என்றேன். வெயில் என்றார், பேக்கிங் என்றார். நான் விடவில்லை.

மயானத்துக்குள்ளே வரிசை வரிசையாகச் சின்ன மண்மேடுகள். தலைமாட்டில் நம்பர் போட்ட ஒரு கல்; பாதிக்கு மேல் பெயர் இல்லை. வாசலைத் தாண்டி நாலடி வந்தவர் நின்றுவிட்டார்.

“எதுங்க?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“அன்னிக்கு ஆபீஸ் ஆளுங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. நான் கார விட்டு எறங்கவே இல்ல. என்னால முடியல.”

“வருஷா வருஷம் வந்தீங்களே?”

“கேட் வரைக்கும் வருவேன். பால இங்கயே ஊத்திட்டுத் திரும்பிடுவேன்.”

காவலாளியிடம் போய்க் கேட்டோம். எங்களிடம் கல்லின் நம்பர் இல்லை. “நம்பர் மாஃபி, கைசே மிலேகா, பாய்?” நம்பர் இல்லாமல் எப்படிக் கிடைக்கும் என்று கையை விரித்தான்.

கணவரைத் திட்டித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. அவரோ முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒவ்வொரு மேடாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். எதன் முன்னால் நின்று அழுவது என்று கடைசிவரை தெரியவில்லை.