தீவு நாட்டின் நான்கு நிமிடங்கள்

சரண்யாதேவிக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. காதில் ஹெட்போன் இருக்கும்போதும் வலது கால் மேசைக்கடியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த அக்டோபர் வாரத்தில் அது இன்னும் வேகமாக ஓடியது. வெள்ளிக்கிழமை அவளுடைய ஆறு மாதத் தற்காலிகக் காலம் முடிகிறது. நிரந்தரம் ஆக்கினால் மதுரை. இல்லையென்றால் பழையபடி உசிலம்பட்டி வக்கீல் ஆபீஸ். அங்கே மூன்று வருஷம் ஜூனியராக இருந்து அவள் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், வாய்தா வாங்குவது.

மதுரை கே.கே. நகரில் ஒரு மாடியில் இருந்தது இந்த ஆபீஸ். ஐ.நா.வில் சட்டத்துக்கென்று தனியாக ஒரு குழு உண்டு. வருஷா வருஷம் அக்டோபரில் நாடுகள் அங்கே வரிசையாகப் பேசும். அந்தப் பதிவுகளைக் கேட்டு, எந்த நாடு என்ன சொன்னது என்று அட்டவணை போட்டு ஒரு வெளிநாட்டு ஆய்வு நிலையத்துக்கு அனுப்புவதுதான் வேலை.

"அப்படி என்னத்தத்தான் பேசுறாங்ய?" என்று ஒருமுறை அப்பா மருது கேட்டார். கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர் இப்போது ஒன்றரை ஏக்கரில் சொந்தமாக மானாவாரி வெள்ளாமை செய்கிறார்.

"கடல் மட்டம் ஏறி நிலத்த முழுங்கிருச்சுன்னா, அந்த நாட்டோட கடல் எல்லையும் சுருங்குமான்னு பேசுறாங்கப்பா."

"இதுக்கா இம்புட்டுப் பேரு? கம்மாத் தண்ணி வயலுக்குள்ள ஏறுனா பட்டா செல்லாமப் போயிருமா?"

ஏறக்குறைய அதைத்தான் அங்கேயும் பேசினார்கள். 'எல்லை மாறாது, அது ஏற்கெனவே உள்ள சட்டம், எழுதிவைத்தால் போதும்' என்பவர்கள் ஒரு பக்கம். 'அப்படி ஒரு சட்டமே இல்லை, வேண்டுமானால் புதிதாக உண்டாக்குவோம்' என்பவர்கள் இன்னொரு பக்கம். அவளுடைய அட்டவணையில் இரண்டுக்கும் ஒவ்வொரு கட்டம். வாயே திறக்காத நாடுகளுக்கு மூன்றாவது கட்டம்.

புதன்கிழமை காலை கேட்ட பதிவில் ஒரு குட்டித் தீவு நாட்டின் பிரதிநிதி பேசினார். சுற்றியிருக்கும் பத்துத் தீவு நாடுகளுக்கும் சேர்த்து அவரே பேசினார். புதிதாகச் சட்டம் செய்யலாம் என்று எல்லோரையும் அனுசரித்துப் போகிற பேச்சு. முடித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். அதையேதான் மறுபடி சொல்லப்போகிறார் என்று இவள் அடுத்த நாட்டுக்குத் தாவிவிட்டாள். அவளுடைய தெருவில் பாண்டியராஜன் மாமா தாலுகா ஆபீஸில் பேசினால் அது தெருவே பேசினது மாதிரி. பேசி முடித்த பிறகு, 'இனி என் சொந்தக் கருத்து' என்று அவர் ஒருநாளும் ஆரம்பித்ததில்லை.

பதினோரு மணிக்கு அட்டவணை போய்விட்டது. ஜெயக்கொடி டீ குடிக்க இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து மேசைக்காரி, வாய் ஓயாதவள்.

"அண்ணே, எங்க ஆபீஸ் சார்பா நாலு டீ!" என்றாள் மாஸ்டரிடம். "அது பொது. இப்ப என் சார்பா சொல்றேன், எனக்குச் சீனி போட்றாதீங்க."

"ஒரு டீக்கு ரெண்டு மனுவாம்மா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சரண்யாதேவி டீயை வாங்கவில்லை. படிகளில் இரண்டிரண்டாகத் தாவி மேலே ஓடினாள்.

பதிவைத் திருப்பிப் போட்டாள். தாள் திரும்பும் சத்தத்துக்குப் பிறகு அந்த ஆள் குரலை மாற்றிக்கொண்டு, இனி என் நாட்டுக்காக மட்டும் பேசுகிறேன் என்றார். நான்கு நிமிடம். எங்கள் எல்லை சலுகையும் இல்லை, புதிய ஏற்பாடும் இல்லை, இன்றைக்கே அது சட்டம், எங்கள் நிலம் முழுதும் மூழ்கினாலும் நாங்கள் நாடுதான் என்றார். அட்டவணையில் அவரை அவள் எதிர்க் கட்டத்தில் உட்காரவைத்திருந்தாள்.

டீம் லீடர் ஹரிஷங்கர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதுவே ஒரு பயம்.

"அந்தத் தீவுல மொத்தம் எத்தனை பேரும்மா இருப்பா? உங்க ஊர் சந்தைக்கு வர்ற கூட்டம் தேறுமா? யாரு கவனிக்கப் போறா?"

"பத்து வருஷம் கழிச்சு எவனாவது அந்த நாட்டுக்கிட்டயே இந்த அட்டவணையத் தூக்கிக் காட்டுவான் சார். 'இது சட்டமில்லன்னு நீயேதான சொன்ன'ன்னு கேப்பான்."

"திருத்தம் அனுப்பினா யார் தப்புன்னு பேர் போட்டாகணும். உனக்கு ஏற்கெனவே ரெண்டு இருக்கு. மூணாவதுன்னா வெள்ளிக்கிழமை என்னால ஒண்ணும் பேச முடியாது. நாலு மணிக்கு ஆய்வு நிலையத்துல அச்சுக்கு அனுப்பிடுவா. பேசாம விட்டா யாருக்கும் தெரியாது. யோசிச்சுக்கோ."

யோசித்தாள். உட்கார்ந்து இல்லை. தண்ணீர் கேனுக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து. நடுவில் ஜெயக்கொடி வந்து, "ஏன்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? தரைதான் தேயுது" என்றாள். மூன்றே முக்கால் ஆனபோதும் சரண்யாதேவி உட்காரவில்லை. நின்றபடியே திருத்தத்தை அடித்தாள். நாட்டின் பெயர், சரியான கட்டம், நான்கு நிமிடத்தின் சுருக்கம், கீழே பிழை செய்தவர் என்று தன் பெயர். அனுப்பிவிட்டாள்.

ஐந்து மணிக்கு அங்கிருந்து ஒரு வரி பதில் வந்தது. திருத்தம் சேர்க்கப்பட்டது. நன்றிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஹரிஷங்கர் கூப்பிட்டார்.

"நிரந்தரம் இல்லம்மா. வெளியவும் அனுப்பல. மேல இருக்கறவா இன்னும் மூணு மாசம் பார்க்கலாங்கறா. அதுக்கே நான் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது."

"பேச முடியாதுன்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேன்," என்றார் அவர், மானிட்டரைப் பார்த்தபடி.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் இன்னும் கிளம்பவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள். மருது போனில் வந்தார்.

"என்னத்தா, சோலி முடிஞ்சதா?"

"இன்னும் மூணு மாசம்னு சொல்லியிருக்காங்கப்பா."

"அது நல்லதா கெட்டதா?"

"தெரியலப்பா."

"தப்புக் கண்டுபிடிச்சிட்டாங்யளா?"

"நாந்தான்ப்பா சொன்னேன்."

மறுமுனையில் ஆடு ஒன்று கத்தியது. அவர் அதை அதட்டிவிட்டுத் திரும்ப வந்தார்.

"எதுக்குச் சொன்ன?"

"அந்த ஆளு தன் வாயால பேசுனத நான் விட்டுட்டேன்ப்பா. அத வேற யாரும் எழுதப் போறதில்ல."



"சரி, சாப்பிடாம வாராத," என்றார் மருது.