பன்னிரண்டு அடிக் கேட்டை

நான் பிறந்தது கேட்டை நட்சத்திரத்தில். கேட்டைப் பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்றொரு பேச்சு உண்டு. அதைச் சொல்லியே மூன்று வரன்கள் தட்டிப்போயின. நான்காவது, காளப்பநாயக்கன்பட்டி வரன். மாப்பிள்ளையை ஒரு கல்யாணத்தில் பார்த்துப் பேசியிருந்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. இதையும் கைநழுவ விடக் கூடாது.

சும்மா இருக்கிற ஆளா நான்? அப்படி என்னதான் அந்த நட்சத்திரம் என்று போனில் தேடினேன். சூரியனைப்போல எழுநூறு மடங்கு அகலமாம்! அதையே தூக்கிச் சாப்பிடுகிறவையும் இருக்கின்றன. இப்போதைக்கு ஆகப் பெரியது என்கிறார்களே, அது இரண்டாயிரம் மடங்கு. ஆனால் தொலைவு சரியாகத் தெரியாததால் அளவும் உறுதியில்லையாம்; நேற்று முதலிடத்தில் இருந்தது இன்று இறங்கிவிடுகிறது. அடேயப்பா, அங்கேயும் இந்தப் போட்டியா என்று சிரித்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வந்த காலையில், காப்பி குடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா இழுத்தார். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குதுங்க. நட்சத்திரந்தான்... எங்க பெரியவனுக்கு ஆகாதுங்களே."

அந்த அண்ணன் கட்டட மேஸ்திரி. தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டை கோட்டை கட்டி ஆளும்னு சொல்லுவாங்களே" என்று என் அம்மா சொன்னது எடுபடவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "கேட்டை எவ்வளவு பெருசுன்னு தெரியுங்களா?" என்று கேட்டே விட்டேன். எல்லோரையும் வாசல் களத்துக்குக் கூட்டிப்போய், அங்கே காய்ந்த மிளகை ஓரமாகத் தள்ளி, ஒன்றை மட்டும் நடுவில் வைத்தேன். "இது சூரியனுங்க. அப்படீன்னா கேட்டை பன்னண்டு அடி." கயிறும் கோலமாவும் எடுத்து வட்டம் போட்டேன். கோணிக்கொண்டு போனது.

மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "இப்படியா அம்மிணி வட்டம் போடுவாங்க? கயித்தக் குடு. டேய், நடுவுல புடிடா." தம்பி, அதாவது மாப்பிள்ளை, மிளகுக்குப் பக்கத்தில் குந்திக் கயிற்றைப் பிடித்தார். வட்டம் பிசகாமல் விழுந்தது.

"இதையும்விடப் பெருசு இருக்குதா?" என்றார் மேஸ்திரி.

"முப்பத்திமூணு அடி வருமுங்க."

"களமே முப்பதுதான இருக்கும்?" கண்ணாலேயே அளந்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. களம் முடிந்த இடத்தில் மரவள்ளிக்குள் இறங்கி, செடிக்கு நடுவிலும் மாவைத் தூவிக்கொண்டே சுற்றி வந்தார். பிறகு மிளகருகே வந்து குனிந்து பார்த்தார். "நம்ம பூமி இதுல எங்க கண்ணு?"

"மிளகுல இருந்து ரெண்டடி தள்ளி ஒரு தூசுங்க. கண்ணுக்கே தெரியாது."

"தூசா!" வாயைப் பிளந்தபடி நின்றார்.

"டேய் பெரியவனே, கேட்டைக்குள்ள நிக்கறயேடா! வெளிய வாடா!" அவர் அம்மா அலறினார்.

மேஸ்திரி காலடியைப் பார்த்தார். சுற்றிலும் அவரே போட்ட வெள்ளைக் கோடு.

"இத்தன நேரம் நின்னுட்டனேம்மா. ஒண்ணும் ஆவலயே" என்றார். "வெத்தலபாக்குத் தட்ட இங்கயே கொண்டாங்க. மாத்திக்கலாம்."