ஊரின் முதல் எஸ்பெராந்தோக்காரன்

காஞ்சிபுரத்தில் எஸ்பெராந்தோ கற்ற முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிச் சொல்லியே ஊரில் பேரைக் கெடுத்துக்கொண்டவனும் நான்தான். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி அது. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் வேலை எனக்கு. தபால் வழியாகப் படித்தேன். மாடியில் வகுப்பு தொடங்கினேன். முதல் வாரம் ஒன்பது பேர், மூன்றாம் வாரம் ஒருத்தருமில்லை. "இதப் படிச்சா இன்னா வேலை கெடைக்கும்?" என்று கேட்டவனைத் திட்டி அனுப்பினேன்.

கடைசியில் மிஞ்சியது ஒரு பேனா நண்பர். பல்கேரியாவில் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர். வீடியோ காலெல்லாம் அவருக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. பதினோரு வருடம் கடிதம்தான். எழுதியதைத் தபாலில் போடும்முன் கூடத்தில் நடந்தபடி சத்தமாக வாசித்து, வரிக்கு வரி தமிழிலும் சொல்லிப் பார்ப்பேன். என் மனைவி அங்கேயே உட்கார்ந்து கடைப் புடவைகளின் முந்தானைக்குக் குச்சு கட்டிக்கொண்டிருப்பாள். "ஆரம்பிச்சிட்டீங்களா மந்திரத்த?" என்பாள்.

போன ஜனவரியில் அவர் நேரில் வருவதாக எழுதினார். எஸ்பெராந்தோக்காரர் வீட்டில் எஸ்பெராந்தோக்காரர் தங்குவது எங்களுக்குள் வழக்கம். எனக்கோ எழுத வரும், வாசிக்க வரும்; வாய்திறந்து ஒருவரிடம் பேசியதே கிடையாது. பேச எனக்கு ஆள் ஏது? அவர் முன்னால் பேச வராவிட்டால் மானமே போய்விடும்.

போயே விட்டது. பஸ் ஸ்டாண்டில் கட்டிப்பிடித்து மளமளவென்று பேசினார். எனக்கு ஒரு சொல் வரவில்லை. வீட்டுக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்ததும், வெட்கத்தைவிட்டு, 'நல்வரவு' என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். பாவம், அவரும் எழுதி நீட்டினார். ஒரே அறைக்குள் கடிதப் போக்குவரத்து, கண்றாவி!

மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவரைப் பார்த்து, எஸ்பெராந்தோவில், "நல்லா இருக்கீங்களா? முட்டிவலி தேவலையா?" என்றாள். நான் கடிதம்தோறும் கேட்கிற கேள்வி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். அவள் பேசியது தப்பும் தவறுமாகத்தான், ஆனால் நிறுத்தவில்லை. எனக்குப் பெருமையெல்லாம் வரவில்லை, பொறாமையில் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் குளிக்கப் போனதும், "எப்ப கத்துக்கினே?" என்று பாய்ந்தேன்.

"நீங்க கத்திக்கினே இருந்தா காதுல விழாதா?" என்றாள். "பேச ஆள் இல்ல, ஆள் இல்லன்னு பொலம்புனீங்களே. இத்தினி வருஷமா எதிர்லயேதான குந்திக்கினு இருந்தேன்?"