கொல்கத்தாவிலிருந்து கிளம்பிய தீர்த்தம்

மாடி வீட்டுப் பெண் ஒரு காலைநேரம் என் கதவைத் தட்டினாள். கையில் போன், முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, பேப்பர் ஆபீஸ்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியும். வேற ஸ்டேட்லேர்ந்து ஆன்லைன்ல ரம் வாங்குனா தப்பா?"

ஸ்ரீரங்கத்தில், எங்கள் அடுக்ககத்தின் படிக்கட்டில் நின்று சத்தமாகக் கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். கணவர் துபாயில். உப்பிலியபுரத்திலிருந்து வந்த மாமியார் கூட இருக்கிறார். அதுவரை பிறந்தநாள் கேக்குகள்தான். அந்த வாரம் முதன்முறையாக ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. திருச்சியில் ஒரு பள்ளி ஆசிரியை, கிறிஸ்துமஸுக்குத் தங்கள் பள்ளி ஊழியர்கள் எல்லோருக்கும் பிளம் கேக் கேட்டிருந்தார். ஒரே நிபந்தனை: பழங்கள் நிஜமான ரம்மில் ஊறியிருக்க வேண்டும். எசன்ஸ் ஊற்றினால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாராம். இது நன்றாக வந்தால் பெரிய ஓவன் வாங்கித் தொழிலாக நடத்துவது, இல்லையென்றால் பிறந்தநாள் கேக்கோடு நிறுத்திக்கொள்வது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

காந்தி மார்க்கெட்டில் வாங்கிய திராட்சை, பேரீச்சை, முந்திரி, செர்ரி எல்லாவற்றையும் நறுக்கி ஊறுகாய் ஜாடிகளில் நிரப்பி வைத்துவிட்டாள். தீபாவளிக்கு முன்பே ஊறத் தொடங்கினால்தான் டிசம்பரில் பதமாக இருக்கும். ஊற்றத்தான் ஒன்றுமில்லை.

"என் ஆபீஸ்ல யாரையாவது வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்றேன்.

"வேணாங்கா. ஒரு ஆள்கிட்ட சொன்னா போதும். புருஷன் ஊர்ல இல்ல, இவ பாட்டில் வாங்குறான்னு ஆயிடும்."

போனில் ஓர் இணையதளத்தைக் காட்டினாள். இந்தியா முழுவதும் மது டெலிவரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செய்தி மேசையில் பல வருடம் உட்கார்ந்த கண் முதலில் பக்கத்தின் அடிப்பகுதிக்குத்தான் போகும். உரிம எண் இல்லை. கடை முகவரி இல்லை. ஒரு வாட்ஸ்அப் எண்ணும், முன்பணம் செலுத்த ஒரு க்யூ.ஆர். கோடும் மட்டும்.

"பணம் கட்டிட்டியா?"

"சேச்சே. இத பாத்துட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அதான் தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

தம்பி கொல்கத்தாவில் வேலை பார்க்கிறான். அங்கே ஆப்பில் ஆர்டர் செய்தால் கடைக்காரரே வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறார். அரசு அனுமதித்த முறை; பில்லும் உண்டு. அப்படி வாங்கிய ரம்மைப் பிளாஸ்டிக் கேனில் மாற்றி, அக்காவுக்குக் கூரியரில் போட்டுவிட்டான்.

"கூரியர்ல தண்ணி மாதிரி எதையும் வாங்க மாட்டாங்களே?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்சலின் படத்தைக் காட்டினாள். மஞ்சள் அட்டைப்பெட்டி. மேலே பெரிய எழுத்தில் 'கங்கா ஜல்'. ஸ்ரீரங்கம் முகவரியைப் பார்த்ததும் கூரியர் ஊழியர் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆர்வமும் பற்றிக்கொண்டது. ஓர் ஊரில் பில்லோடு வாங்கிய அதே சரக்கு, எந்த இடத்தில் வழக்காக மாறுகிறது? கலால் வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலைப் பணி நிமித்தமாகத் தெரியும். உடனே அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மது மாநிலத்துக்கு மாநிலம் வேற சட்டம் மேடம்," என்றார். "அந்த ஊர் அனுமதி அந்த ஊரோட முடிஞ்சுது. அங்க ஆப்ல வாங்கி அங்கேயே குடிக்கட்டும், யார் கேக்கப் போறா? எல்லை தாண்டி அனுப்பணும்னா பெர்மிட் வேணும். தனி ஆள் கூரியர்ல அனுப்ப எவன் பெர்மிட் குடுப்பான்?"

"இங்க வந்து சேந்துட்டா?"

"வாங்குறவங்க மேலயும் கேஸ் வரும். நம்ம ஊர்ல பாட்டிலா வாங்கணும்னா அரசாங்கக் கடை ஒண்ணுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து தர்ற வசதியெல்லாம் இங்க கிடையாது. ஆமா, என்னன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க?"

சொன்னேன்.  எதிர்முனையில் வக்கீல் வெடித்துச் சிரித்தார். "ஸ்ரீரங்கத்துக்குக் கங்கா தீர்த்தமா! மொதல்ல அத நிறுத்துங்க மேடம்."

அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. தம்பியை அழைத்தாள்.

"டேய், பார்சல் எங்கடா இருக்கு?"

"ஏன்க்கா? சாயங்காலம்தான் வண்டி ஏறும். கொல்கத்தா ஆபீஸ்லதான் இருக்கும்."

"ஓடுடா! ஓடிப்போய்த் திருப்பி வாங்கு! என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தியே, படுபாவி!"

"நீதானக்கா ரம் வேணும்னே?"

"ரம் வேணும்னேன். கங்கையைக் கொண்டான்னு சொன்னேனா? ஓடு!"

போனை மேசையில் வைத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பார்சல் எங்கே இருக்கிறது என்று காட்டும் பக்கத்தை அவள் விரல் விடாமல் இழுத்து இழுத்துப் புதுப்பித்தது. எத்தனையோ தேர்தல் முடிவுகளுக்கு அலுவலகத்தில் காத்திருந்திருக்கிறேன். இப்படி நகத்தைக் கடித்ததில்லை.

இதற்கிடையில் மாடியிலிருந்து மாமியார் இறங்கி வந்தார். "தம்பி ஏதோ கங்கா தீர்த்தம் அனுப்பியிருக்கானாமே? காலையில நீ போன்ல பேசிட்டிருந்தப்ப காதுல விழுந்துச்சு. எதிர்வீட்ல சொல்லிட்டேன். தீபாவளிக்கு அவங்களுக்கும் கொஞ்சம் வேணுமாம்."

"வரட்டும் அத்தை," என்றாள் இவள், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் மேலே போனதும் போன் அடித்தது. பார்சல் தம்பியின் கையில் இருந்தது. வண்டியில் ஏற்றும் வரிசையிலிருந்து எடுத்துக்கொடுத்தார்களாம். "சாமி விஷயத்துல எதுக்கு சார் மனசு மாறுறீங்க?" என்று கேட்டாராம் ஊழியர்.

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "சட்டப்படின்னா அரசாங்கக் கடை ஒண்ணுதானா?"

"ஆமா."

"ஆர்டர விட்டுடவா அக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எழுந்தாள். "விடமாட்டேன். நீங்க வர்றீங்களா?"

அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினேன். கடை திறக்கும் நண்பகல். கம்பி வலைக்குப் பின்னால் இரண்டு விற்பனையாளர்கள், முன்னால் முண்டியடிக்கும் முதுகுகள், தரையெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர். ஸ்கூட்டரை நிறுத்தியவள் இறங்காமல் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை முகத்தில் சுற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவிழ்த்துவிட்டாள்.

நாங்கள் நெருங்கியதும் முதுகுகள் திரும்பின. இடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ரேஷன் கடையில்கூட எனக்கு அப்படி ஒரு வழி கிடைத்ததில்லை. லுங்கி கட்டிய ஒருவர் அவசரமாகப் பீடியை அணைத்தார்.

"முன்னாடி போங்கம்மா, முன்னாடி போங்க. டேய், தள்ளுடா, லேடீஸ் வராங்கல்ல."

"வீட்டுக்காரரத் தேடி வந்தீங்களா?" என்றார் இன்னொருவர், உண்மையான அக்கறையோடு. "அடையாளம் சொல்லுங்க."

"ரம் வாங்க வந்தேன்," என்றாள் அவள். குரல் முதலில் உடைந்தது. அடுத்த வாக்கியத்தில் நிமிர்ந்துவிட்டது. "கேக்குல போடணும். கேக்குக்கு எது நல்லா இருக்கும்?"

அவ்வளவுதான். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, மற்றவர் அது தொண்டையை அறுக்கும் என்றார். பீடியை அணைத்தவர் மட்டும் வருத்தமாகச் சொன்னார்: "கேக்குலயா? வீணாப் போயிடுமேம்மா."

அவள் சிரித்துவிட்டாள். ஒரு பாட்டிலைக் காட்டி வாங்கினாள். பில் கேட்டு வாங்கினாள். விற்பனையாளர் கம்பிக்குள்ளிருந்து கத்தினார்: "காலி பாட்டில மறக்காமக் கொண்டாங்க, பத்து ரூபா திரும்பக் கிடைக்கும்!"

வீட்டில் மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார். இவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அத்தை, தீர்த்தம் வரல. தம்பி அனுப்புனதும் ரம்முதான். சட்டப்படி தப்புன்னு திருப்பிட்டேன். இது கேக்குக்கு, கடையில வாங்குனது."

மாமியார் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னை. "நீங்க ரெண்டு பேருமா கடைக்குப் போனீங்க?"

"ஆமாத்தை."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"வழி விட்டாங்க."

"சரி சரி, உள்ள வா. வாசல்ல வெச்சுக்கிட்டுப் பேசாத. எதிர்வீட்டுக்கு என்ன சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன்."

மூடியைத் திறந்ததும் சமையலறை முழுக்க வாசனை எழுந்தது. திராட்சை கருத்து மினுங்கியது. இரண்டு ஜாடி நிரம்பியது. மூன்றாவதில் பழம் பாதிக்கு மேல் வெளியே நின்றது. பாட்டிலைக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது.

"பத்தல," என்றாள்.

ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"இரு, நானும் வரேன்," என்று செருப்பைத் தேடினேன்.

"எதுக்குக்கா? உங்களுக்கு டியூட்டிக்கு நேரமாகலயா?" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.